ஆள் வளர்த்த அறிஞர் விக்ரம் சாராபாய்

தம்பானூர்ப் புகைவண்டி நிலையம் நமக்குப் புதிதன்று. நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் படிக்க வரும் நாம் பெட்டியும் கையுமாக முதலில் இறங்குவது அங்கேதான். 1960-களின் தொடக்கத்தில் அந்நிலையத்துக்குக் காலைதோறும் சில இளைஞர் வருவர். அவர்கள் ஊருக்குப் போகிறவர்கள் அல்லர். நகரத்து விடுதிகளில் தங்கியிருந்த பொறியியலாளர். நிலைய உணவகத்தில் பசியாறி, மதிய உணவையும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, கடலோரச் சிற்றூராகிய தும்பாவுக்குச் செல்வர். அங்கே உணவகம் கிடையாது. இராமேசுவரத்து அப்துல் கலாமும் சென்னை அரவாமுதனும் அவர்களுள் இருவர். ராக்கெட் ஏவும் பணிக்கு வந்த அவர்கள் அத்தொழிலுக்குப் புதியவர்கள். அவர்களை நம்பி அப்பணியை ஒப்படைத்தவர் விக்ரம் சாராபாய்.

சாராபாய் 1919 ஆகஸ்டு 12-இல் அகமதாபாத்தில் ஆலை அதிபர் அம்பாலாலின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் தம் மக்களுக்கென வீட்டிலேயே பள்ளி நடத்தினர். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்றார். உலகப்போர் மூண்டதும் தாயகம் திரும்பிப் பெங்களூரில் சி. வி. இராமனிடம் அண்டக் கதிர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1942-இல் நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். 1947-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தையும் நெசவாலைகளுக்கான ஆராய்ச்சிக் கழகத்தையும் தோற்றுவித்தார். நெசவுத்தொழிலில் அவருக்கு முன்பயிற்சி இல்லை. அவர் சேர்த்துக்கொண்ட இளைஞர்க்கும் அநேகமாக இல்லை. முன்அனுபவம் உண்டா என்று கேட்டுப் பொறுக்குவதை விட, அறிவும் ஆர்வமும் உடையவரிடம் பொறுப்பைத் தந்து அனுபவத்தை உண்டாக்குவதே அவர் வழி.

1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அவர் தலைமையில் அமைந்தது. அதற்கு ஆள் எடுத்தபோதும் இவ்வழியையே கைக்கொண்டார். நேர்முகத் தேர்வில் தமக்குத் தெரிந்தவற்றை அவர் துருவிக் கேட்கவில்லை என்றும், தம்மால் இனி என்ன ஆகக்கூடும் என்பதையே தேடினார் என்றும் கலாம் பின்னாளில் எழுதினார்.

பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்ததால் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் மீனவ மக்களும் தம் கோயிலையும் மனைகளையும் விட்டுக்கொடுத்தனர். மகதலேனா மரியாள் கோயில் அலுவலகமாயிற்று. கலாம், அரவாமுதன் முதலியோர் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். 1963 நவம்பர் 21-இல் அமெரிக்க ராக்கெட் ஒன்று தும்பாவிலிருந்து விண்ணேறியது. 1967-இல் சொந்தமாகச் செய்த ரோகிணி ராக்கெட்டும் ஏவப்பட்டது.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவர் இயல்பை நன்கு காட்டும். ராக்கெட்டின் மூக்குக்கூம்பு தனியே கழலும் முறையைச் செய்துகாட்ட ஒருநாள் அவரை அழைத்திருந்தனர். அவர் பொத்தானை அழுத்தினார், ஒன்றும் நிகழவில்லை. கலாமும் காலக்கருவியை அமைத்த பிரமோத் காலேயும் திகைத்துப்போயினர். பிறகு அக்கருவியை நீக்கி நேராக இணைப்புக் கொடுத்தனர். மறுமுறை அழுத்தியதும் கூம்பு கழன்றது. சாராபாய் பாராட்டினார், ஆனால் அவர் முகத்தில் சிந்தனை படர்ந்திருந்தது. பின்னர்க் கோவளத்தில் தாம் தங்கியிருந்த இடத்துக்குக் கலாமை அழைத்தார். கண்டனம் வருமென்று எண்ணிச் சென்றவருக்கு வியப்பே காத்திருந்தது. தவறியவர் யார் என்று சாராபாய் தேடவில்லை; ஏன் தவறிற்று என்றே ஆராய்ந்தார். உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கிணைத்துப் பார்க்க ஒரே கூரையின்கீழ் இடம் இல்லாததே குறை என்று கண்டார். ராக்கெட் பொறியியற் பிரிவு பிறந்தது.

செயற்கைக்கோளை ஏற்றிச்செல்லும் நான்கு அடுக்கு ராக்கெட் செய்ய முனைந்தபோது, கோவாரிகர், குருப், முத்துநாயகம், கலாம் ஆகிய நால்வரிடமும் ஆளுக்கோர் அடுக்கை ஒப்படைத்தார். 1966 முதல் அணுசக்தித் துறையின் தலைமையும் அவர் தோளில் ஏறியிருந்தது. ஓய்வின்றி உழைத்தவர் 1971 டிசம்பர் 30-இல் கோவளத்தில் உறக்கத்திலேயே காலமானார். வயது 52.

ராக்கெட் அவர் கண்முன் எழவில்லை. 1979-இல் முதல் முயற்சி தோற்றது. அன்று தலைவராயிருந்த சதீஷ் தவான் பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-இல் அதே குழுவினர் வென்றனர். தலைவர் மறைந்து எட்டரை ஆண்டு கழித்தும் வேலை நடந்தேறியது. அவர் வளர்த்த ஆட்கள் இருந்தார்கள் அல்லவா?

நண்பர்களே, நம் மன்றத்து விழாவில் இளைய மாணவன் ஒருவன் தடுமாறினால், அவன் கையிலுள்ள வேலையைப் பிடுங்கி நாமே முடித்துவிடுகிறோம். விழா நன்றாக நடக்கும். அடுத்த ஆண்டு நடத்த ஆள் இராது. தடுமாற்றத்தின் காரணத்தை அவனோடு இருந்து கண்டறிந்து, வேலையை அவன் கையிலேயே விட்டுவைப்போம். தம்பானூரில் பொட்டலம் கட்டிக்கொண்டு போன அவ்விளைஞர்கள் அப்படித்தான் வளர்ந்தார்கள்.