அயர்லாந்தே கொண்டாடும் செயின்ட் பேட்ரிக் அயர்லாந்துக்காரரே இல்லை... அப்போ அவர் யார்?

மார்ச் 17 வந்துவிட்டால் டப்ளின் நகரமே பச்சையாகிவிடும். பச்சைத் தொப்பி, கன்னத்தில் பச்சை பெயிண்ட், பேண்டு வாத்தியம், அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் பார்க்கும் குட்டிப் பசங்க... பல தலைமுறைக்கு முன்பு அயர்லாந்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்களின் வாரிசுகள் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து குடும்பத்தோடு விமானம் ஏறி வருகிறார்கள்.

இத்தனை கூட்டமும் ஒரே ஒருத்தர் பெயரில்தான். அவர் செயின்ட் பேட்ரிக். நம்ம ஊர் கிறிஸ்தவர்கள் புனித பத்திரிசியார் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அவர் பெயரில் புகழ்பெற்ற கல்லூரியே இருக்கிறது. ஆனால் இந்தக் கொண்டாட்டத்தின் நாயகன், அயர்லாந்துக்கு முதன்முதலில் வந்தது விருந்தாளியாக அல்ல, கடத்தப்பட்ட அடிமையாக!

16 வயதுகூட ஆகவில்லை

பேட்ரிக் வாழ்ந்தது 5-ம் நூற்றாண்டு. பிறந்தது ரோமானியர் ஆட்சியின் கீழ் இருந்த பிரிட்டனில். அப்பா கல்பூர்னியஸ் திருச்சபையில் டீக்கன், தாத்தா பொத்தீத்தஸ் பாதிரியார். வசதியான குடும்பம், வீட்டில் வேலையாட்கள் உண்டு. பையனுக்கு மட்டும் சாமி, பூஜை எதிலும் பெரிதாக நாட்டமில்லை.

16 வயதை நெருங்கிய நேரத்தில் கடல் கொள்ளையர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். பேட்ரிக்கையும் இன்னும் ஆயிரக்கணக்கானவர்களையும் பிடித்து அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். வேலையாட்களை ஏவிக்கொண்டிருந்த வீட்டுப் பையன், இன்னொருவரின் ஆடுமாடுகளை மேய்க்கும் அடிமையானான். பனியிலும் மழையிலும் 6 வருடம். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத அந்த மலையிலும் காட்டிலும்தான் அவன் கடவுளிடம் பேச ஆரம்பித்தான். பகலில் நூறு முறை, இரவிலும் கிட்டத்தட்ட அதே அளவு ஜெபம் செய்ததாகப் பின்னாளில் அவரே எழுதிவைத்தார்.

ஒருநாள் கனவில் ஒரு குரல், கப்பல் தயாராக இருப்பதாகச் சொன்னது. கப்பல் இருந்ததோ சுமார் 200 ரோமானிய மைல் தூரத்தில்! தப்பி ஓடும் அடிமை பிடிபட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நடந்தான். கப்பல்காரர்கள் முதலில் ஏற்றிக்கொள்ள மறுத்து, பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். கடலில் 3 நாள், கரை இறங்கிய பிறகு ஆளில்லாத நிலத்தில் பட்டினியோடு 28 நாள். சில வருடங்கள் கழித்து ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தான். இனி எங்கேயும் போகாதே என்று பெற்றோர் கெஞ்சினார்கள்.

மறுபடியும் அங்கேயேவா?

கதை இங்கேயே முடிந்திருந்தால் இன்று ஊர்வலமும் இல்லை, பச்சைத் தொப்பியும் இல்லை. மறுபடியும் ஒரு கனவு. அயர்லாந்து மக்கள் தங்களிடம் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிடுவதுபோல ஒரு காட்சி. பாதிரியாராகி, பிறகு பிஷப்பாகி, தன்னை அடிமையாக வைத்திருந்த அதே தீவுக்குச் சொந்த விருப்பத்தில் கிளம்பினார் பேட்ரிக். அவருக்கு முன்பே, கி.பி. 431-ல் பல்லாடியஸ் என்ற பிஷப்பை போப் அங்கே அனுப்பியிருந்தார். ஆனால் மக்கள் மனதில் நின்றது பேட்ரிக்தான்.

வேலை சுலபமாக நடக்கவில்லை. ஊருக்கு ஊர் குட்டி ராஜாக்கள், அவர்களுக்குப் பரிசு கொடுத்தால்தான் வழி கிடைக்கும். ஒருமுறை பிடித்து விலங்கு மாட்டி 14 நாள் அடைத்துவைத்தார்கள். இது வெளியே. உள்ளுக்குள் இன்னும் மோசம். 15 வயதில் செய்த ஏதோ ஒரு தவறை நெருங்கிய நண்பரிடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தார். 30 வருடம் கழித்து அந்த நண்பரே அதை வெளியே போட்டுடைக்க, சொந்த ஊர் திருச்சபைப் பெரியவர்கள் இவர் பிஷப்பாக இருக்கத் தகுதியா என்று விசாரணைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அதற்கெல்லாம் பதிலாக அவர் எழுதியதுதான் கன்ஃபெஸியோ என்ற லத்தீன் நூல். பெண்கள் பலிபீடத்தில் வைத்த நகைகளைக்கூடத் திருப்பிக் கொடுத்ததாக அதில் கணக்கு சொல்கிறார். தன் லத்தீன் சுமார்தான் என்று வெட்கப்படவும் செய்கிறார். படிக்கிற வயதில் கடத்தப்பட்டவருக்கு இலக்கணம் எங்கிருந்து வரும்?

கோபத்தில் எழுதிய கடிதம்

அவர் எழுதி நமக்குக் கிடைத்தவை மொத்தமே இரண்டு. இரண்டாவது ஒரு கடிதம், அதுவும் கொதித்துப்போய் எழுதியது. கொரோட்டிக்கஸ் என்ற தலைவனின் படைவீரர்கள், பேட்ரிக்கிடம் ஞானஸ்நானம் பெற்று ஒரே ஒரு நாள் ஆன மக்கள்மீது பாய்ந்தார்கள். வெள்ளை உடைகூட மாற்றாதவர்கள். சிலரை வெட்டினார்கள், மற்றவர்களை அடிமைகளாக விற்கப் பிடித்துப்போனார்கள். இத்தனைக்கும் அந்த வீரர்களும் பெயரளவில் கிறிஸ்தவர்கள்!

விட்டுவிடச் சொல்லி ஒரு பாதிரியாரிடம் பேட்ரிக் கடிதம் கொடுத்தனுப்பினார். வீரர்கள் சிரித்தார்கள். உடனே அடுத்த கடிதம், இந்த முறை ஊரறிய. பிடித்த பெண்களையும் ஆண்களையும் விடுவித்து மனம் வருந்தும்வரை இவர்களோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, இவர்கள் தரும் தர்மத்தையும் வாங்கக்கூடாது என்று அறிவித்தார். அடிமை முறை சர்வ சாதாரணமாக இருந்த காலம் அது. அடிமையாகவே இருந்த ஒருவர் எழுதிய இந்தக் கண்டனத்தை வரலாற்றில் அபூர்வமான ஒன்று என்றே சொல்லலாம். பிடிபட்டவர்கள் வீடு திரும்பினார்களா? அதற்குப் பதிவே இல்லை.

அப்போ அந்தப் பாம்புக் கதை?

பேட்ரிக் பாம்புகளைக் கடலுக்குள் விரட்டினார் என்பது பிரபலமான கதை. பனியுகத்துக்குப் பிறகு அயர்லாந்தில் பாம்புகளே இருந்ததில்லை, சுற்றிலும் கடல் இருப்பதால் வந்து சேர வழியும் இல்லை. மூன்று இலை ஷாம்ராக் செடியைக் காட்டி மூவொரு கடவுளை விளக்கினார் என்பதும் பல நூற்றாண்டு கழித்துச் சேர்ந்ததுதான். அவ்வளவு ஏன், நியூயார்க்கில் 1762-லேயே இந்த ஊர்வலம் நடந்திருக்கிறது, சிகாகோ ஆற்றுக்குப் பச்சைச் சாயம் போடுவது 1962-ல் தொடங்கியது. இன்று டப்ளினில் நடக்கும் பல நாள் திருவிழாவோ 1996-ல்தான் ஆரம்பம். வெளிநாடு போன பிள்ளைகள் வளர்த்த கொண்டாட்டம் என்றுகூடச் சொல்லலாம்.

குடும்பத்தோடு போகிறவர்கள் பார்க்க

ஊர்வலத்தோடு திரும்பிவிடாமல் இருந்தால் பேட்ரிக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அவர் பெயரில் போற்றப்படும் பழைய இரும்பு மணி டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் ஆடு மேய்த்ததாக நம்பப்படும் ஸ்லெமிஷ் மலை வடக்கு அயர்லாந்தில். உயரம் 437 மீட்டர்தான், நடக்கப் பழகிய பிள்ளைகள் ஏறிவிடலாம், மார்ச் 17 அன்று நிறையப் பேர் ஏறுவார்கள். வடக்கு அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது என்பதால் இந்தியர்கள் விசா விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. குளிரும் மழையும் இருக்கும், ரெயின்கோட் மறக்காதீங்க.

அதே வடக்கு அயர்லாந்தின் டவுன்பேட்ரிக் ஊரில், தேவாலயத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு பெரிய கருங்கல் பலகை கிடக்கிறது. பேட்ரிக் அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று நம்பப்படுவது அதுதான். ஆண்டுதோறும் அவர் நாளில் அந்தக் கல்மேல் மலர் வளையம் வைக்கிறார்கள்.