வேடங் கடந்த பார்வை: யோகசுவாமிகள் வாழ்வு

மாந்தரை மதிப்பிடுவதற்கு உலகம் கைக்கொள்ளும் அளவுகோல் பெரும்பாலும் புறக்கண்ணே. உடுத்த உடையும், வகிக்கும் பதவியும், பேச்சின் இனிமையுங் கண்டு ஒருவரை உயர்ந்தோர் என்றும் மற்றொருவரைத் தாழ்ந்தோர் என்றும் நொடிப்பொழுதிலே முடிவு செய்துவிடுகின்றோம். அம்முடிவு எத்துணைப் பிழைபடக்கூடும் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் தொலைவிலே சான்று தேட வேண்டுவதில்லை. நல்லூர்த் தேரடியே சான்றாகும். ஊரார் பித்தனென்று ஒதுக்கிய ஒருவரிடத்திலே அங்கே தம் குருவைக் கண்டவர் யோகசுவாமிகள். அப்பெரியாரின் வாழ்வையும் அவர் பெற்ற பார்வையையும் இவ்விழா மலரிலே சிறிது நினைவுகூர முற்படுகின்றோம்.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மே மாதத்திலே மாவிட்டபுரத்தில் அம்பலவாணர்க்கும் சின்னாச்சி அம்மையார்க்கும் மகவாகத் தோன்றினார். சதாசிவம் என்பது பிள்ளைத் திருநாமம். இளமையிலேயே தாயை இழந்தமையால் உறவினர் ஆதரவில் வளர்ந்து, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே ஆங்கிலக் கல்வி பெற்றார். பின்னர்க் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைப் பகுதியிலே களஞ்சியக் காப்பாளராக அமர்ந்தார். அக்காலத்திலே ஆங்கிலங் கற்று அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர்க்கு ஊரிலிருந்த மதிப்பினை மூத்தோர் நன்கறிவர். மாதந் தவறாத வேதனமும் மரியாதையும் அவருக்கு வாய்த்திருந்தன. எனினும் வன்னிக் காட்டின் அமைதியிலே அவர் உள்ளம் வேறொன்றை நாடிக்கொண்டிருந்தது.

1897ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் போந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அதனைக் கேட்ட பெருங்கூட்டத்திலே இருபத்தைந்து வயதை அணுகிய சதாசிவமும் ஒருவர் என்பர். விவேகானந்தர் பெருமையை ஊர் முழுவதும் கண்டது. பந்தரிட்டு ஊர்வலமெடுத்துப் போற்றியது. ஆனால் அவ்வூரிலேயே, எவரும் பந்தரிடாத மற்றொரு பெரியார் அன்றும் தேரடியில் அமர்ந்திருந்தார்.

அவரே செல்லப்பா சுவாமிகள். ஒருகாலத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியிலே சிறு பதவி வகித்தவர் என்பர். பெரியகடை வீதியிலே திரிந்தமையாற் கடையிற்சுவாமி என அழைக்கப்பெற்ற ஞானியின் அருளுக்கு ஆளாகி, பதவியையும் சுற்றத்தையும் துறந்து தேரடியையே வீடாகக் கொண்டார். கந்தல் உடை; சீவாத தலை; தமக்குத்தாமே பேச்சு; அணுகுவாரை வெருட்டும் ஏச்சு. தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் அவ்விடத்தே கூடினர்; தேரைக் கண்டனர்; தேரடியிலிருந்தவரைக் கண்டிலர். பெருந்தேரினைத் தாங்குவது சிறியதோர் அச்சாணியே என்பது வள்ளுவர் நமக்குக் காட்டிய உவமையாகும். அவ்வுவமையைக் கற்றோரும் தேரடி அச்சாணியை அறிந்திலர் என்பது வியப்பே.

1905ஆம் ஆண்டளவிலே சதாசிவம் அவர்கள் தேரடி வழியாகச் சென்றபோது, அப்பித்தர் உரத்த குரலில் நீ யாரென்னும் பொருள்பட அதட்டினார் என்பது வழிவழி வருஞ் செய்தி. பிறர் செவியில் ஏச்சாக விழுந்த அச்சொல் இவர் செவியில் உபதேசமாக விழுந்தது. விரைவிலே உத்தியோகத்தைத் துறந்து குருவின் அடிநிழலை அடைந்தார்.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய உண்மையொன்று உளது. குருவின் வேடத்தைக் கடந்து காண்பதற்குச் சீடர் தம் வேடத்தை முதலிற் கழற்ற வேண்டியிருந்தது. களஞ்சியக் காப்பாளர் என்னும் மதிப்போடு நின்று அவரைக் கண்டிருந்தால், ஊரார் கண்ட பித்தரையே அவரும் கண்டிருப்பார். கற்ற இளைஞன் ஒருவன் பித்தன் பின்னே திரிகின்றான் என்னும் பழியை ஏற்கத் துணிந்தமையாலேயே அவருக்குக் கண் திறந்தது.

பயிற்சியும் எளிதாக இருக்கவில்லை. பசித்திருந்து சோறு சமைத்து உண்ணப்போகும் வேளையிலே குருவானவர் பானையை உடைத்துவிடுவார் என்பர். அன்போடு அணுகினால் வசை கிடைக்கும். இவையெல்லாம் அகந்தை என்னும் பானையை உடைக்குஞ் செயல்கள் எனச் சீடர் உணர்ந்து பொறுத்தார். 1910ஆம் ஆண்டளவிலே குருவின் ஆணைப்படி தேரடியிலே கடுந்தவம் இயற்றி, அதன்பின் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்று மீண்டார் என்பது வரலாறு. 1915ஆம் ஆண்டிலே செல்லப்பா சுவாமிகள் சமாதியெய்தினார்.

அதன்பின் யோகசுவாமிகள் கொழும்புத்துறைச் சந்தியிலிருந்த இலுப்பை மரத்தடியிலே ஆண்டுகள் சில வெயிலிலும் மழையிலும் இருந்தார். குருவுக்கு நேர்ந்த புறக்கணிப்பு இப்பொழுது சீடர்க்கும் நேர்ந்தது. காலப்போக்கிலே அன்பர் சிலர் அவரை அறிந்து, அருகே ஓலைக் குடிலொன்றில் அமரச் செய்தனர். ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் யாழ்ப்பாணத்தின் உள்ளம் அக்குடிலை நோக்கியே நடந்தது எனலாம்.

அங்கே அவர் காவி தரித்திலர். வெள்ளை வேட்டியே அவர் உடை. துறவிக்குரிய வேடத்தையும் ஒரு வேடமாகவே அவர் கருதினார் போலும். நீதிபதியும் நியாயவாதியும் வந்தனர். கமக்காரரும் கூலியாளரும் வந்தனர். சைவரோடு பௌத்தரும் கிறித்தவரும் வந்தனர். தேசாதிபதியாக விளங்கிய சோல்பரிப் பிரபுவின் மூத்த மைந்தரும் அவர் அடியவராகிச் சந்தசுவாமி என்னும் பெயரோடு வாழ்ந்தார். வந்தவரின் பதவியையோ மதத்தையோ சுவாமிகள் பார்த்திலர், உள்ளத்தையே பார்த்தார். பெருமை பேசி வந்தவர் ஏச்சு வாங்கித் திரும்பியதும் உண்டு. வாய்திறக்க அஞ்சி ஒதுங்கி நின்ற ஏழை அருகழைத்து உபசரிக்கப்பெற்றதும் உண்டு.

இதனாற் கந்தையணிந்தோர் அனைவரும் ஞானியர் என்று கொள்ளுதல் கூடாது. அதுவும் புறத்தோற்றங் கண்டு மயங்குவதேயாம். பட்டுடுத்தோரிடத்தில் மட்டும் பெருமை காண்பதும், கந்தையுடுத்தோரிடத்தில் மட்டும் புனிதங் காண்பதும் ஒரே குற்றத்தின் இரு கூறுகள். எவ்வேடத்தாரிடத்தும் உள்ளிருக்கும் ஒரு பொருளையே காணவேண்டும் என்பதே சுவாமிகள் வாழ்ந்து காட்டிய நெறி. அவர் பாடிய நற்சிந்தனைப் பாடல்களின் சாரமும் அதுவே.

அந்நெறியை நாட்டிலே பரப்புதற்பொருட்டு 1935ஆம் ஆண்டு தொடக்கம் சிவதொண்டன் என்னும் திங்களிதழ் வெளிவரச் செய்தார். 1953ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. தமக்கென மடமும் பட்டமும் பரிவாரமும் நாடாதவர், பிறர் தியானஞ் செய்வதற்கும் தொண்டு புரிவதற்கும் ஓரிடம் நாடினார்.

1961ஆம் ஆண்டிலே, தாம் வளர்த்த பசுவுக்கு உணவளிக்குங்கால் வீழ்ந்து இடுப்பெலும்பு முறிவுற்றார். உடல் தளர்ந்தபோதும் அன்பர்க்கு அருளுவதை நிறுத்தினாரல்லர். 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, தொண்ணூற்றோராம் அகவையில், கொழும்புத்துறையிலே சிவப்பேறு எய்தினார். ஒருகாலத்திற் பித்தரென்று எள்ளிய ஊரே அன்று கண்ணீர் சொரிந்தது.

கல்லூரியொன்றின் விழா மலரிலே இவ்வரலாறு எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். விழா மலர்கள் இயல்பாகவே பதவியும் பட்டமும் பெற்ற பழைய மாணவரைப் போற்றுவன, அது தக்கதே. ஆயின் வகுப்பின் கடைசி வாங்கிலே வாய்மூடி இருந்து, ஒரு பரிசும் பெறாமற் சென்று, இன்று ஏதோவொரு சிற்றூரிலே முதிய பெற்றோரைத் தாங்கியும் அயலாருக்கு உதவியும் வாழ்பவரின் படம் எம்மலரிலும் வருவதில்லை. ஆசிரியராகிய நாம் புள்ளிகளை அளக்கலாம். உள்ளத்தை அளக்கும் கோல் நம்மிடத்தில் இல்லை. அழுக்குச் சட்டையோடு பிந்திவரும் சிறுவனைக் கடிவதற்கு முன்னர், அவன் வீட்டில் விடியற்காலையிலே யாது வேலை செய்துவிட்டு வந்தான் என வினவுவோமாயின், தேரடிப் பாடத்தின் முதலெழுத்தைக் கற்றவராவோம்.

மாணவச் செல்வர்களே! நீவிர் நல்லூர் வீதியாற் செல்லும்போது தேரடியிலே சிறிது நில்லுங்கள். அங்கிருந்த ஒருவரை ஆயிரம் பேர் கடந்து சென்றனர், ஒருவர் நின்றார். அவ்வாறு நின்று காணும் உள்ளம் நும்மிடத்தே வளர்வதாக.