குறை பெண்ணிடம் இல்லை என்று காட்டிய ஷிரின் ஃபோஸ்டார்

கணவன் கைவிட்டால் அது பெண்ணின் தலையெழுத்து என்று சொல்லிவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அவளிடம் என்ன குறை என்றுதான் அக்கம்பக்கம் தேடும். குறை அவளிடம் இல்லை, அவளைக் காக்காத சட்டத்தில்தான் இருக்கிறது என்று சிங்கப்பூரில் வாதாடியவர்களில் முன்வரிசையில் நின்றவர் ஷிரின் ஃபோஸ்டார்.

1905ல் மும்பையில், பாரசீக வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1950ல் மருத்துவரான கணவருடன் சிங்கப்பூர் வந்தார். அப்போது சீன, இந்து வழக்கப்படி நடந்த திருமணங்களிலும் ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை வைத்துக்கொள்ள இடமிருந்தது. முஸ்லிம் பெண்களை எளிதில் விவாகரத்து செய்துவிட முடிந்தது. பிள்ளைகளோடு தவித்து நின்றவர்கள் தாய்மார்களே.

1952ல் பல இனப் பெண்களும் ஒன்றுசேர்ந்து சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தொடங்கினர். அதன் செயலாளராக ஷிரின் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டில், காத்தோங்கை ஒட்டிய ஜூ சியட்டில் பெண் பிள்ளைகளுக்கென ஒரு மன்றத்தை அந்த அமைப்பு திறந்தது. சிங்கப்பூரில் அத்தகைய முதல் மன்றம் அதுதான்.

தலைவர்களுக்குக் கடிதம் எழுதுவது, மேடையில் பேசுவது, எதிர்ப்பைத் தாங்குவது என்று ஷிரினின் ஆண்டுகள் கழிந்தன. 1958ல் ஷரியா நீதிமன்றம் அமைந்தது. 1961ல் மாதர் சாசனம் நிறைவேறியது. முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. அதன்பின் தாய்லாந்து சென்று பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய அவர், 1992ல் சிங்கப்பூரில் 86 வயதில் காலமானார்.

ஷிரின் மனநல ஆலோசகர் அல்லர். ஆனால் 1980களில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த கதைவழி ஆலோசனை முறையின் அடிப்படையும் இதுவே. துயரத்தோடு வருபவரையே பிரச்சினையாகப் பார்க்கக்கூடாது. அவரையும் பிரச்சினையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்கமும் வறுமையும் ஆண் பெண் பேதமும் அவர்மீது ஏற்றிய சுமையைக் கணக்கில் எடுக்க வேண்டும். எந்த இனம், எந்தச் சமயம் என்றாலும் தன் வாழ்க்கையை நன்கு அறிந்தவர் அவரே என்று மதித்துக் கேட்க வேண்டும்.

வீட்டில் ஒரு பெண் தன் துயரத்தைச் சொல்ல வாய் திறக்கும்போது, உன்மேல் என்ன தப்பு என்று கேட்கிறோமா, உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறோமா? அவள் தொடர்ந்து பேசுவதும் மௌனமாகிவிடுவதும் அந்த ஒரு கேள்வியைப் பொறுத்தது.