காக்கைக்கும் யானைக்கும் ஒரே மரியாதை
மா. கிருஷ்ணன் (1912 - 1996)

குழந்தைகளே, தளவாய்புரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மொட்டைமாடியில் ஏறி மேற்கே திரும்பினால் போதும், மேற்குத் தொடர்ச்சி மலை நீளமாகத் தெரியும். லீவு நாளில் அப்பா, அம்மாவோடு சாஸ்தா கோயில் ஓடைக்கோ செண்பகத்தோப்புக்கோ போய் வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் குரங்கு என்றுதான் பதில் வரும்! மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும். அப்படிக் கண்ணில் படாமல் போகிறவற்றைப் பார்ப்பதையே தன் வாழ்நாள் வேலையாகச் செய்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். வீட்டில் எட்டுக் குழந்தைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பா அ. மாதவையா அரசாங்க உப்புத் துறையில் அதிகாரி. 'பத்மாவதி சரித்திரம்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவரே. வேலையை விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினார். சொந்தமாக அச்சகம் வைத்து, 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையும் நடத்தினார்.

அந்தக் கால மயிலாப்பூரை இப்போதைய மயிலாப்பூர் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். வீடுகளுக்கு நடுவே புதரும் முள்காடும் தோப்புமாகக் கிடந்தன. ராத்திரியில் நரி ஊளையிடும். சிறுவன் கிருஷ்ணனுக்குப் பொழுது போனதெல்லாம் அங்கேதான். கீரிப்பிள்ளை ஒன்றைக்கூட வீட்டில் வளர்த்தார்.

இந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில், கல்லூரிப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த மாதவையா, அங்கேயே உயிர் விட்டார். அப்போது கிருஷ்ணனுக்கு 13 வயது. மூத்த அக்கா லட்சுமிதான் குடும்பத்தைத் தாங்கினார். கிருஷ்ணன் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1927-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு அருமையான ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். தாவரவியல் பேராசிரியர் ஃபைசன். நீலகிரி, பழனி மலை உச்சிகளில் வளரும் செடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் அவர். அதற்குப் படம் வரைந்தவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். கணவனும் மனைவியுமாக மலையேறிச் செடி பார்க்கப் போவார்கள். கிருஷ்ணனையும் கூடவே அழைத்துப் போனார்கள். நடந்து நடந்து செடிகளின் பெயரைக் கற்றார். நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையை ஃபைசனின் மனைவியிடம் கற்றார். வகுப்பறை கொடுத்ததைவிட இந்த மலைநடை அவருக்கு அதிகம் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் பரீட்சை மார்க் என்று ஒன்று இருக்கிறதே! 1931-இல் பட்டம் வாங்கினார். மதிப்பெண்கள் அப்படியொன்றும் பிரமாதமில்லை. அதனால் நல்ல வேலை கிடைப்பது கஷ்டமாயிற்று. சின்னச் சின்னப் பத்திரிகைகளில் எழுதினார். கேலிச்சித்திரம் வரைந்தார். 1936-இல் சட்டமும் படித்து முடித்தார். அதிலும் மனம் ஒட்டவில்லை. அவருடைய அண்ணன் அனந்தநாராயணன் பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவே ஆனவர். அப்படிப்பட்ட வீட்டில், நிலையான வேலை இல்லாத தம்பியாக இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1937-இல் இந்துமதி என்பவரை மணந்துகொண்டார்.

1942-இல் ஒரு வழி பிறந்தது. கர்நாடகத்தில் பெல்லாரிக்குப் பக்கத்தில் சண்டூர் என்று ஒரு குட்டி சமஸ்தானம் இருந்தது. அதன் ராஜா கிருஷ்ணனுக்கு வேலை கொடுத்தார். ஒரே வேலையா? பள்ளிக்கூட வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் அரசியல் செயலாளர் என்று மாறி மாறிப் பார்த்தார். மிச்ச நேரத்தில் ஆடு மேய்த்தார். கடிதம் கொண்டுபோகும் புறாக்களை வளர்த்தார். ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளில் அலைந்தார்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு சண்டூர் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அதன் பிறகு அவர் யாரிடமும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. எழுத்து, படம், புகைப்படம், இவைதான் பிழைப்பு.

1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இயற்கையைப் பற்றி எழுதத் தொடங்கினார். கூடவே அவரே பேனாவால் வரைந்த படமும் வரும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. அத்தனைக்கும் விஷயம் எங்கிருந்து கிடைத்தது? பாதி காட்டிலிருந்து, மீதி வீட்டுத் தோட்டத்திலிருந்து. சுவரில் ஓடும் பல்லி, கொல்லையில் கத்தும் காக்கை, முருங்கை மரத்து அணில் எல்லாம் அவருக்கு யானை, புலி மாதிரியே முக்கியம். நாட்டு நாய் இனங்களைப் பற்றியும் எழுதினார். ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்!

தமிழிலும் நிறைய எழுதினார். அந்தக் கட்டுரைகளைப் பிற்பாடு தொகுத்தார் தியடோர் பாஸ்கரன். புத்தகத்தின் பெயர் 'மழைக்காலமும் குயிலோசையும்'. இந்தப் பெயரில் ஒரு சமாசாரம் இருக்கிறது. மழைக்காலத்தில் குயில் பெரும்பாலும் வாய் திறக்காது. வேம்பு பூக்கும் பங்குனி, சித்திரையில்தான் விடாமல் கூவும். கூவுவது ஆண் குயில். உடம்பு கருகருவென்று இருக்கும். பெண் குயில் பழுப்பு நிறம், மேலே வெள்ளைப் புள்ளிகள். காக்கை கூடு கட்டும் சமயம் பார்த்து அதில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். உங்கள் தெருவில் முதல் குயில் என்றைக்குக் கூவியது என்று காலண்டரில் குறித்து வைத்துப் பாருங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கிருஷ்ணனின் கேமராவும் வேடிக்கையானது. ஒரு கம்பெனியின் கேமரா, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், வேறு சில உதிரிப் பாகங்கள் எல்லாவற்றையும் அவரே ஒன்றாகப் பொருத்தி வைத்திருந்தார். பார்க்கப் பெரிய பீரங்கி போல இருக்கும், நல்ல கனம். அதைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்தும், பழக்கிய யானை மேல் உட்கார்ந்தும் படம் எடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். யானைக் கூட்டம், காட்டெருமை, புள்ளிமான் என்று தென்னிந்தியக் காடுகளின் பெரிய விலங்குகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார். 1968-இல் நேரு நினைவு ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அந்த ஆய்வு 1975-இல் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக வந்தது.

தாவரவியல் படித்தவர் அல்லவா? விலங்கைப் பார்க்கும்போதே அது நிற்கும் மரத்தையும் பார்ப்பார். அதனால்தான் ஒரு விஷயத்தில் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவே இல்லை. நம் ஊர்ச் சாலையிலும் பூங்காவிலும் காட்டிலும் நம் மண்ணின் மரங்களையே வளர்க்க வேண்டும் என்று வாதாடினார். அழகுக்காகவும் வருமானத்துக்காகவும் வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதைக் கடுமையாகத் திட்டி எழுதினார். குல்மொஹர் மரம் சிவப்பாகப் பூத்தால் கண்ணுக்கு அழகுதான். அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அவற்றில் பறவைகள் தின்னப் பழம் ஏதாவது உண்டா? ஓர் ஆலமரம் பழுத்திருக்கும்போது அடியில் போய் நின்று பாருங்கள். மைனா, குயில், குக்குறுவான், அணில், ராத்திரியானால் வௌவால் என்று சந்தைக்கடை மாதிரி இருக்கும். அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டவர்கள் குறைவு. மலைப்புல்வெளிகளில் தைல மரமும் சீகை மரமும் ஏராளமாக நடப்பட்டன. இப்போது அதே சீகை மரங்களை அகற்ற அரசாங்கமே பாடுபடுகிறது.

அவர் சொன்னதற்குச் செண்பகத்தோப்பிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே வாழும் சாம்பல் நிற மலை அணில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. இதற்காகவே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அமைந்தது. 2021-இல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். இந்த அணில் தரைக்கு வருவது அபூர்வம். கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். பக்கத்து மரக் கிளைகள் உரசிக்கொண்டு நிற்கும் இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டும். அடிவாரத்து மாவும் புளியும் அதற்குச் சாப்பாடு. நடுவில் நான்கு மரத்தை வெட்டினால், அதற்குப் பாலத்தை இடித்த மாதிரி. அடுத்த முறை போகும்போது கீழே கடித்துப்போட்ட புளியங்காய்க் கோது கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடந்தால், சத்தம் போடாமல் அண்ணாந்து பாருங்கள்.

கிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் ஆலோசனையைக் கேட்டார்கள். பட்டம், பாராட்டு இதற்கெல்லாம் அவர் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. தப்பு என்று பட்டால் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கோபக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார். ஆனால் பேத்தியிடம் வேறு முகம்! அவளுக்காக ஆங்கில எழுத்து வரிசைப்படி விலங்குகளைப் பற்றிப் பாட்டு எழுதி, படமும் வரைந்து கொடுத்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அது புத்தகமாகவும் வந்தது.

வயதான பிறகும் இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை என்ற கணக்கு தவறவில்லை. 46 ஆண்டுகள் ஓடின. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி கிருஷ்ணன் சென்னையில் காலமானார். அன்று காலை வெளியான பேப்பரிலும் அவருடைய கட்டுரை வந்திருந்தது.