பார்வையற்றோருக்கு எழுத்தளித்த லூயி பிரெயில்



பள்ளிக்கூடங்கள் திறக்கும் நாள் நெருங்கி வருகிறது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது, கட்டணம் எவ்வளவு, வேன் நம் தெருவுக்கு வருமா என்பதே இப்போது வீட்டுக்கு வீடு பேச்சு. இந்தப் பேச்சில் பெயரே எடுபடாத பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. கண் தெரியாது, காது கேளாது, கால் வராது என்று சொல்லித் திண்ணையோடு விடப்பட்ட பிள்ளைகள். அவர்களை மனத்தில் வைத்தே லூயி பிரெயிலின் சரித்திரத்தை இவ்வாரம் சொல்ல எடுத்துக்கொண்டேன்.

பிரான்சு தேசத்தில் பாரிஸ் பட்டணத்துக்குக் கிழக்கே கூவ்ரே என்று ஒரு கிராமம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம். அங்கே குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்த சீமோன் ரெனே என்பவருக்கு 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் கடைக்குட்டியாகப் பிறந்தவர் லூயி. மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் விளையாடும்போது, தோல் வேலைக்கு வைத்திருந்த கூரான கருவியொன்று ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் சீழ் பிடித்து மறு கண்ணையும் தொற்றியது. ஐந்து வயதாகும்போது இரண்டு கண்களும் இருண்டுவிட்டன.

அந்த நாட்களில் கண்ணிழந்த ஏழைப் பிள்ளைக்கு உலகம் ஒதுக்கிவைத்திருந்தது பிச்சைத் தட்டு ஒன்றுதான். சேணக்காரரோ அப்படி விடவில்லை. மகனுக்குக் கைத்தடி செதுக்கிக் கொடுத்து ஊரைச் சுற்றிவர விட்டார். மரப்பலகையில் எழுத்துக்களின் வடிவமாக ஆணிகளை அடித்து, தடவித் தடவி எழுத்தறியச் செய்தார் என்றும் சொல்லுவார்கள்.

1815-ஆம் ஆண்டு அவ்வூருக்குப் பல்லுயி சுவாமியார் பங்குக் குருவாக வந்தார். சிறுவனின் கூர்மையைக் கண்டு தாமே அவனுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். பிறகு ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் பேசி, மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்காரவும் இடம் வாங்கிக் கொடுத்தார். லூயி காதால் கேட்டதை மறப்பதில்லை. ஆனால் மற்றவர்கள் புத்தகத்தை விரித்து வாசிக்கும் வேளையில் அவன் என்ன செய்வான்?

நம் பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் பார்வையற்றவரே. கேள்வி ஞானத்தாலேயே பெரும்புலவர் ஆனார். உண்மை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் கவிச்சிங்கங்களாகப் பிறப்பதில்லை. சாதாரண புத்தியுள்ள பிள்ளைக்கு எழுத்து வேண்டும்.

பாரிசில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. உலகத்திலேயே அவ்வகையில் அதுதான் முதலாவது. வாலந்தேன் அவுயி என்பவர் அதைத் தொடங்கிய விதமும் கேட்கத்தக்கது. 1784-இல் ஒரு கோவில் வாசலில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த லெசுவேர் என்ற குருட்டு வாலிபனைப் படிக்க அழைத்தார். அவன் பிச்சைக் காசில்தான் அவன் குடும்பம் சாப்பிட்டது. ஆகையால், படிப்பதால் அவன் இழக்கும் காசைத் தம் கையிலிருந்தே கொடுக்க ஒப்புக்கொண்டார். பார்வையற்ற மாணவனுக்குக் கிடைத்த முதல் உபகாரச் சம்பளம் அதுதான் என்பேன்.

அந்தப் பள்ளிக்கு அனுப்பச் சேணக்காரரிடம் பணம் ஏது? பல்லுயி சுவாமியார் அவ்வூர்ப் பிரபுவான தொர்வில்லியேயிடம் போய்ப் பேசினார். பிரபு பாரிசுக்குக் கடிதம் எழுதினார். இலவச இடம் கிடைத்தது. பத்து வயதுப் பாலகனைக் கண்காணாத இடத்தில் விட்டுவர எந்தத் தாய்க்கு மனம் வரும்? இருந்தும் 1819-ஆம் ஆண்டு பெப்ரவரி 15-ஆம் நாள் லூயி அப்பள்ளியில் சேர்ந்தான். பல்லுயி சுவாமியார் பிரபுவின் வீட்டுக்குப் போகாதிருந்தால் இன்று பிரெயில் எழுத்தென்று ஒன்று இருந்திருக்குமோ, யார் கண்டது!

அப்பள்ளி சொர்க்கம் அல்ல. பழைய, ஈரம் ஊறிய கட்டடம். பிற்காலத்தில் லூயியின் நெஞ்சை அரித்த காசநோய்க்கு அந்த ஈரமும் ஒரு காரணம் என்பார்கள். புத்தகங்களில் சாதாரண எழுத்துக்களையே புடைப்பாக அச்சடித்திருந்தார்கள். தூக்க முடியாத கனம். ஒவ்வோர் எழுத்தாகத் தடவி வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். அந்த முறையில் பிள்ளைகள் தாமாக எழுதவும் வழியில்லை.

1821-இல் ஷார்ல் பார்பியே என்ற பழைய படை அதிகாரி புள்ளிகளால் எழுதும் ஒரு முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். நல்ல யோசனை, ஆனால் ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தது. விரல் நுனி அதற்குப் போதவில்லை. லூயி மூன்று வருடம் அதனோடு மல்லுக்கட்டினான். 1824-இல், பதினைந்தாம் வயதில், அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கிவிட்டான். ஒரு தொடுதலில் ஓர் எழுத்து. ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 அடையாளங்கள்! எழுத்து, எண், சங்கீதம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 1829-இல் அது புத்தகமாக வெளிவந்தது.

லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். பாரிஸ் கோவில்களில் ஆர்கனும் வாசித்தார். அவருடைய எழுத்துக்கு மட்டும் அங்கீகாரம் வரவில்லை. 1840-இல் தலைமைக்கு வந்தவர் அதை ஒதுக்கினார். கண்ணுள்ளவர்களின் எழுத்தைப் போலில்லை என்பது அன்றைய ஆட்சேபம். வாசிக்க வேண்டியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை போலும். பிள்ளைகளோ ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். 1844-இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் எல்லார் முன்னிலையிலும் அவ்வெழுத்தைச் செய்து காட்டிய பிறகே எதிர்ப்பு அடங்கியது.

1852 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, 43 வயதில் லூயி காலமானார். இரண்டே வருடத்தில் பிரான்சு அரசாங்கம் அவரது எழுத்தை ஏற்றது. அவர் ஒரு சிறு பெட்டியை வைத்திருந்து, திறவாமல் எரித்துவிடும்படி சொல்லியிருந்தாராம். ஆவலால் திறந்தார்கள். அவரிடம் கடன் வாங்கியிருந்த மாணவர்களின் கடன் சீட்டுக்களே அதில் இருந்தன.

தமிழ்நாட்டில் 1890-இலேயே பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளி தொடங்கினார். 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் அமைந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளை 6 வயது முதல் 18 வயது வரை இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம். பல்லுயி சுவாமியார் பிரபுவிடம் கேட்டுப் பெற்றது இன்று உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பிரெயில் அறிந்த ஆசிரியர் பக்கத்துப் பள்ளியில் இல்லாவிட்டால் விருப்பம் ஏட்டளவில்தான் நிற்கும். ஆகையால் சேர்க்குமுன் அதைக் கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள்.

பெற்றோர்களே, முதலில் அரசு மருத்துவர் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். கல்வி உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள், எங்கே போவதென்று திகைப்பவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு அறைக்கு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன்.