சொத்தையெல்லாம் இழந்து ராணுவத்துக்குக் கத்தி செய்த மனிதர்... யார் இந்த கார்ல் எல்ஸெனர்?

சிவப்பு கைப்பிடி, அதில் வெள்ளை சிலுவை. விரித்தால் கத்தி, ஸ்க்ரூ டிரைவர், டின் ஓப்பனர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சுவிஸ் ஆர்மி நைஃப் என்று சொன்னாலே பலருக்கும் இந்தப் படம்தான் மனதில் வரும்.

ஆனா ஒரு விஷயம் தெரியுமா? சுவிஸ் ராணுவம் தன் வீரர்களுக்கு முதன்முதலில் கொடுத்த கத்தி சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டதே இல்லை. அது ஜெர்மனியில் இருந்து வந்தது. அந்த நிலையை மாற்ற நினைத்த ஒரு கத்திக் கொல்லர், அதற்காகத் தன் சொத்து முழுவதையும் இழந்தார். அவர்தான் கார்ல் எல்ஸெனர்.

தொப்பி செய்பவரின் மகன்

கார்ல் எல்ஸெனர் பிறந்தது 1860-ம் ஆண்டு அக்டோபர் 9. அப்பா பல்தசார், சூக் நகரத்தில் தொப்பி செய்து விற்றவர். அம்மா பெயர் விக்டோரியா. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அப்பாவின் தொழிலுக்குப் போகாமல் கத்தி செய்யும் தொழிலைக் கற்றார் கார்ல். அப்புறம் அந்தக் கால வழக்கப்படி ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தார். பாரிஸிலும், ஜெர்மனியின் துட்லிங்கன் நகரத்திலும் இருந்தார். துட்லிங்கன் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்குப் பேர் போன ஊர்.

1884-ல் நாடு திரும்பி, ஷ்வீஸ் மாநிலத்தில் உள்ள இபாஹ் என்ற சிற்றூரில் சொந்தப் பட்டறை போட்டார். அப்போது அவருக்கு வயது 23. அம்மா துணை நின்றார். பட்டறைக்குப் பக்கத்தில் ஓடிய ஓடைதான் மின்சாரம் மாதிரி. ஓடைத் தண்ணீரில் சுழன்ற சக்கரம், சாணை பிடிக்கும் இயந்திரத்தை ஓட்டியது.

இன்றைக்குப் பணக்கார நாடாகத் தெரியும் சுவிட்சர்லாந்து அன்றைக்கு அப்படி இல்லை. மலைப்பகுதிகளில் வேலை கிடையாது. பிழைப்புத் தேடி மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஊரிலேயே வேலை உருவாக்க வேண்டும் என்பதுதான் கார்லின் எண்ணம்.

ராணுவத்துக்கு எதுக்கு மடக்குக் கத்தி?

ராணுவக் கத்தி என்றால் சண்டை போடத்தான் என்று நினைப்போம். இந்தக் கத்தி அதுக்கு இல்லை.

அந்தச் சமயத்தில் சுவிஸ் வீரர்களுக்கு ஷ்மிட்-ரூபின் என்ற புதிய துப்பாக்கி வந்திருந்தது. அது 1889-ம் ஆண்டு மாடல். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். இன்னொரு பக்கம், வீரர்களுக்கு டின்னில் அடைத்த உணவு கொடுக்கப்பட்டது. அதைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவியா சுமக்க முடியும்?

அதனால் எல்லாத்தையும் ஒரே கைப்பிடிக்குள் மடக்கி வைக்கும் கத்தியை ராணுவம் தேர்வு செய்தது. 1890 மாடலில் இருந்தவை நான்கே கருவிகள்:

* வெட்டுவதற்கு ஒரு பெரிய அலகு
* துளை போட ஒரு குத்தூசி
* டின் ஓப்பனர்
* துப்பாக்கியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர்

கைப்பிடி கருமையான ஓக் மரம். பளபளப்பு, அலங்காரம் எதுவும் கிடையாது. வீரன் தினமும் செய்யும் வேலை என்ன என்று பார்த்து, அதற்குத் தேவையானதை மட்டும் வைத்தார்கள்.

ஆர்டர் போனது ஜெர்மனிக்கு

கத்தியின் வடிவம் தயார். ஆனால் அத்தனை கத்திகளைக் குறித்த காலத்தில் செய்து கொடுக்கும் அளவுக்குப் பெரிய தொழிற்சாலை அப்போது சுவிட்சர்லாந்தில் இல்லை. அதனால் முதல் 15,000 கத்திகளுக்கான ஆர்டர், ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் இருந்த வெஸ்டர் நிறுவனத்துக்குப் போனது.

நம்ம ராணுவத்துக்கு நாமே ஏன் செய்யக் கூடாது? இதுதான் கார்லை உறுத்திய கேள்வி. தனி ஆளாக முடியாது என்பதால் 1891-ல் சுவிஸ் கத்திக் கொல்லர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். வேலையைப் பிரித்துக் கொள்வது என்று முடிவானது. அதே ஆண்டு சுவிஸ் கத்திகள் முதன்முறையாக ராணுவத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

அதுக்கு அப்புறம்தான் சிக்கல். சோலிங்கனில் பெரிய தொழிற்சாலைகளில் இயந்திரம் வைத்துச் செய்தார்கள். இங்கே சின்னச் சின்னப் பட்டறைகள். அவர்கள் விலைக்கு இவர்களால் கொடுக்க முடியவில்லை. லாபம் இல்லாத வேலை என்று தெரிந்ததும் கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினார்கள்.

கார்ல் மட்டும் விடவில்லை. கையில் இருந்த பணம் போனது. சேர்த்த சொத்து முழுவதும் கரைந்தது. கடன் கழுத்தை நெரித்தது. உறவினர்கள் கைகொடுத்ததால்தான் பட்டறையை மூடாமல் தாக்குப்பிடித்தார்.

காப்பாற்றியது ராணுவம் கேட்காத கத்தி

வீரர்களின் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. இதைவிட லேசாக, இன்னும் சில கருவிகளோடு ஒரு கத்தி செய்தால் அதிகாரிகள் விரும்பி வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார் கார்ல்.

ஆனால் கருவி கூடினால் கத்தி தடிமனாகிவிடுமே? இதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. மடக்குக் கத்தியில் அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்து வைப்பது முதுகுப்பக்கம் உள்ள ஸ்பிரிங். அதே ஸ்பிரிங்கின் மறுபக்கத்தையும் வேலை வாங்கினார். இதனால் கத்தியின் முதுகிலும் கருவிகளைப் பொருத்த முடிந்தது. இரண்டே ஸ்பிரிங், ஆறு கருவிகள். புதிதாகச் சேர்ந்தவை ஒரு சின்ன அலகும், பாட்டில் மூடியை எடுக்கும் கார்க் திருகியும்.

1897-ம் ஆண்டு ஜூன் 12-ம் தேதி, இந்தக் கத்திக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. இதன் பெயர் அதிகாரிகள் கத்தி. ஆனா ராணுவம் இதை அதிகாரபூர்வமாக யாருக்கும் வழங்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினார்கள். பொதுமக்களும் வாங்கினார்கள். கார்லின் கடன் சுமை இறங்கியது இந்தக் கத்தியால்தான். இன்று உலகம் சுவிஸ் ஆர்மி நைஃப் என்று கொண்டாடுவதும் இதன் வாரிசுகளைத்தான்.

இதோடு நிற்காமல் மாணவர்களுக்கு ஒன்று, விவசாயிகளுக்கு ஒன்று என்று ஆளுக்கு ஏற்ற மாதிரி தனித்தனிக் கத்திகளையும் அவர் செய்தார்.

அம்மாவின் பெயர்

ராணுவ ஆர்டருக்குப் போட்டி உள்நாட்டிலும் வந்தது. பிரெஞ்சு பேசும் பகுதியைச் சேர்ந்த இன்னொரு நிறுவனம், பின்னாளில் வெங்கர் என்று பெயர் பெற்றது, 1893 முதல் களத்தில் இருந்தது. ஜெர்மன் பேசுவோருக்கும் பிரெஞ்சு பேசுவோருக்கும் மனக்கசப்பு வரக் கூடாது என்று 1908-ல் அரசு ஆர்டரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தது.

1909-ல் கார்லின் அம்மா இறந்தார். அவர் நினைவாகத் தன் நிறுவனத்துக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தார் கார்ல். கேடயத்துக்குள் சிலுவை என்ற சின்னமும் அந்த ஆண்டில்தான் கத்தியில் ஏறியது.

முதல் உலகப் போர் முடிந்த அடுத்த மாதமே, 1918 டிசம்பர் 26-ம் தேதி, 58 வயதில் கார்ல் எல்ஸெனர் காலமானார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகு பயன்பாட்டுக்கு வந்தபோது, அதைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற சொல் அம்மாவின் பெயரோடு சேர்ந்தது. விக்டோரினாக்ஸ் பிறந்தது இப்படித்தான்.

அவருக்குப் பிறகு...

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க வீரர்கள் இந்தக் கத்தியை வாங்கி ஊருக்குக் கொண்டு போனார்கள். அதன் ஜெர்மன் பெயர் வாயில் நுழையாததால் அவர்கள் வைத்த பெயர்தான் சுவிஸ் ஆர்மி நைஃப். நூறாண்டுப் போட்டியாளரான வெங்கர் நிறுவனத்தை 2005-ல் விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. தலைமையகம் இன்னும் அதே இபாஹ் ஊரில்தான்.

2008-ல் சுவிஸ் ராணுவம் வீரர்களுக்கான புதிய மாடலைத் தேர்வு செய்தது. ஒரே கையால் திறக்கும் அலகு, திறந்தால் மடங்காமல் இருக்கப் பூட்டு, மரம் அறுக்க ரம்பம். 1890-ல் இருந்த ஸ்க்ரூ டிரைவரும் டின் ஓப்பனரும் குத்தூசியும் இதிலும் உண்டு.

கார்லைக் கரையேற்றிய கார்க் திருகி மட்டும் இதில் இல்லை. சுவிஸ் வீரர்களுக்கு ராணுவம் கொடுக்கும் கத்தியில் அது எப்போதுமே இருந்ததில்லை.