எட்வின் ஹால்

மலேசியச் சாலைகளில் மின்சார மகிழுந்துகள் பெருகி வருகின்றன. அவற்றின் மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை இடைவிடாமல் அளக்கும் சிறு கருவி மின்னோட்ட உணரி எனப்படும். இவ்வகை உணரிகளுள் பல, எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டே இயங்குகின்றன.

ஹால் 1855ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பை முடித்தபின் இரண்டு ஆண்டுகள் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். அறிவியல் ஆர்வத்தால் 1877இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரோலண்டிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் மின்காந்தவியலின் பேரறிஞராக மேக்ஸ்வெல் போற்றப்பட்டார். காந்தம், கம்பியைத்தான் தள்ளுகிறது. அதனுள் பாயும் மின்னோட்டத்தைத் தள்ளுவதில்லை என்று அவரது நூல் கூறியது. இதனைப் படித்த ஹாலுக்கு ஐயம் எழுந்தது. ஆசிரியரிடம் கேட்டார். ரோலண்டும் அதே ஐயம் கொண்டிருந்தார். ஆனால், அவர் முன்பு செய்த சோதனை பலனளிக்கவில்லை. ஹாலின் முதல் சோதனையும் தோல்வியுற்றது.

ஹால் மனம் தளரவில்லை. மிக மெல்லிய தங்கத் தகட்டைக் கண்ணாடியின்மீது பதித்தார். அதனை வலிமைமிக்க காந்த முனைகளுக்கிடையே வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். 1879 அக்டோபரில், தகட்டின் இரு பக்க விளிம்புகளுக்கிடையே சிறிய மின்னழுத்தம் தோன்றியது. காந்தம் மின்னோட்டத்தையே ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்பது உறுதியானது. அப்போது ஹாலுக்கு வயது 23. பின்னாளில் அவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கி, 1938இல் மறைந்தார்.

கம்பியில் மின்னோட்டம் கூடினால் அதனைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் கூடும். உணரியில் தோன்றும் மின்னழுத்தமும் அதற்கேற்ப உயரும். அந்த அளவைக் கொண்டே வாகனத்தின் கணினி மோட்டாரைக் கட்டுப்படுத்துகிறது. உணரி பழுதானால் தவறான அளவு கணினிக்குச் செல்லும். அதனால் வாகனம் குலுங்கலாம், விசை குறையலாம், நின்றும் போகலாம். மோட்டாரே கெட்டுவிட்டது என்று எண்ணி அதனை மாற்றினால் பணம்தான் வீணாகும்.

தேர்ந்த பழுதுபார்ப்பாளர் முதலில் உணரியைச் சோதிப்பார். மோட்டாரில் மின்னோட்டம் இல்லாதபோது உணரி சுழியத்தைக் காட்ட வேண்டும். மோட்டார் ஓடும்போது அதன் மூன்று கம்பிகளின் மின்னோட்டங்களைக் குறியுடன் கூட்டினால், எந்த நொடியிலும் ஏறக்குறைய சுழியமே வர வேண்டும். இவை பொருந்தாவிட்டால் உணரியை ஐயுற இடமுண்டு.

சொல்பவர் யாராயினும் சொல்லின் உண்மையை ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அது பேரறிஞரின் நூலுக்கும் பொருந்தும். கருவி காட்டும் எண்ணுக்கும் பொருந்தும்.